முப்பத்திரண்டு டப்பா

தபால்காரர் தன் படகு மோட்டாரைக் கழற்றத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. படகின் பின்பலகையில் தொங்கவிடுகிற சின்ன மோட்டார்தான். ஒரு ஆள் தம் கட்டினால் தூக்கிவிடலாம். கழற்றினால் மட்டும் அது எப்படி அவ்வளவு ஆகிறது என்பது அவர் மனைவிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கழற்றினார். கழற்றியதைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு டப்பாவில் போட்டு, மூடி மேல் வெள்ளை டேப் ஒட்டி, அதில் ஏதோ எழுதினார். டப்பாக்கள் அத்தனையும் சமையலறையிலிருந்து அவளைக் கேட்காமல் குடிபெயர்ந்தவை.

"இதைத் திரும்ப மாட்டுவீங்களா, இல்ல நான் தரையில உட்கார்ந்து சாப்பிட்டே கிழவியாயிடணுமா?"

"மாட்டாம எங்க போயிடப் போறேன் கம்பவுண்டர்?" என்றார் அவர், வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு.

அவள் மருந்துக்கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவள். தெருவுக்கு அவள் கம்பவுண்டரம்மா. அவர் மட்டும் அம்மாவை வெட்டிவிட்டுக் கூப்பிடுவார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, பையில் பேக்கரிக்கான இரண்டே கடிதங்கள் பாக்கி இருக்க, பேக்கரி வாசல் பெஞ்சில் சற்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்த கூட்டம் கிளம்பிப்போன மூன்றாவது வாரம் அவளுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மேஜைமேல் வரிசை வரிசையாக டப்பாக்கள். மருந்துக்கடையில் சரக்கு வந்து இறங்கினால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். ஒரு நோட்டை எடுத்து, டேப்பில் இருந்த பெயர்களை அகர வரிசையில் எழுதினாள். எதிரே உள்ளே என்ன இருக்கிறது என்று குறித்தாள். 'ஏணி வீடு: வளையம் மூணு.' 'கண்ணாடிக் கடை: தகடு ஒண்ணு, போல்ட் ரெண்டு.' 'நாய் வீடு: ஸ்பிரிங்.' பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று அவள் யோசிக்கவில்லை. மருந்துப் பெயர்களுக்கு மட்டும் அர்த்தம் தெரிந்தா அடுக்குகிறாள்? மொத்தம் முப்பத்திரண்டு. அதில் ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. 'காலி' என்று எழுதிவிட்டு, டேப்பை உரித்து, துணியால் ஒரு துடை துடைத்து, அந்த டப்பாவைச் சமையலறைக்கு மீட்டுக்கொண்டுபோனாள். பாக்கி முப்பத்தொன்றும் கூடத்து அலமாரியில் ஏறின. ஏ முன்னால், வ கடைசியில். தள்ளி நின்று பார்த்தபோது அந்த மாதத்திலேயே முதல் தடவையாக ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்த திருப்தி வந்தது.

மேஜை அப்படியும் காலியாகவில்லை. டப்பாவில் அடங்காத பெரிய இரும்பெல்லாம் பழைய போர்வைக்கு அடியில் மேஜைமேலேயே தூங்கியது. அவளும் அவள் நாத்தனாரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

நாத்தனார் என்பது தபால்காரரின் அக்கா. பத்து நாள் துக்கத்துக்கு வந்தவள். முழங்கால் வலி கொஞ்சம் தேறட்டும் என்று இருந்துவிட்டாள். ஐந்து மாதம் ஆகியும் முழங்காலுக்கும் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் விட்டால் குறை சொல்ல ஆள் கிடையாது என்பதால் ஏற்பாடு ஒத்துப்போயிற்று.

"உங்க வீட்டு டீயில என்னமோ ஒரு வாடை" என்பாள் நாத்தனார் தினமும், இரண்டாவது டம்ளரை நீட்டிக்கொண்டே.

"அப்ப குடிக்காதீங்க."

"குடிக்கலன்னா தலை வலிக்குதே."

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு புதன்கிழமை படகுத்துறை மேற்பார்வையாளர் வந்தார். துறையில் எந்தப் படகு எங்கே கட்ட வேண்டும் என்பதை ஊதியே சொல்கிறவர் என்பதால் அவருக்கு விசில் என்று பெயர். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. துறையில ஒரு விதி இருக்கு. ஆறு மாசம் நகராத படகோட இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். வர்ற ஞாயித்துக்கிழமையோட ஆறு மாசம் முடியுது. அவர் இடம் நல்ல இடம். வரிசையில பதினாலு பேர் நிக்கறாங்க."

"அவர் போய் அஞ்சு மாசம்தானே ஆச்சு?"

"படகு நின்னு ஆறு மாசம் ஆச்சே. அவர் மோட்டாரைக் கழட்டிட்டுப் போன தேதியை நான்தானே எழுதினேன்."

"என்ன செஞ்சா இடம் நிக்கும்?"

"ஞாயிறு பன்னெண்டு மணிக்குள்ள, சொந்த மோட்டார்ல, சிவப்பு மிதவை வரைக்கும் போய்ச் சுத்திட்டு வரணும். துடுப்பு போட்டா கணக்கில்ல. இன்னொரு படகு இழுத்துட்டு வந்தாலும் கணக்கில்ல. நானே பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

அவர் போனதும் நாத்தனார் ஆரம்பித்தாள். "விட்டுத் தொலை. உனக்கு நீச்சலும் தெரியாது, அந்த மோட்டாரும் தெரியாது. படகை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"தெரியல அக்கா."

"அப்புறம்?"

"விடறதா இருந்தா நானா விடறேன். நட்டு எங்க, போல்ட்டு எங்கன்னு தெரியாம விட்டேன்னு இருக்கக் கூடாது." சொல்லிவிட்டு மேஜைமேலிருந்த போர்வையைப் பார்த்து, "திரும்ப மாட்டறேன்னு சொன்னாரு" என்றாள்.

நாத்தனார் டம்ளரைக் கழுவ எடுத்துப்போனாள். அவள் தானாக டம்ளர் கழுவியது அதுதான் முதல் தடவை.

தபால்காரரின் நெருங்கிய கூட்டாளி ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக். எதற்கெடுத்தாலும் "பொறுங்க, பொறுங்க" என்று மற்றவர்களைச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் துள்ளுகிற ஆள். அதனால் அவருக்குப் பொறுமை என்று பெயர் வைத்தவரே தபால்காரர்தான். வியாழக்கிழமை காலை, கடையைச் சாத்திவிட்டு ஸ்பேனர் பையோடு வந்தார்.

"ரெண்டு சக்கரத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல அண்ணி. பெட்ரோல் போகுது, வெடிக்குது, சுத்துது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

போர்வையை விலக்கியபோது அவருடைய குரல் ஒரு படி இறங்கியது. அலமாரியைத் திறந்து காட்டியபோது இன்னொரு படி.

"இது என்ன அண்ணி, 'மூணாம் மாடி'?"

"அவர் எழுதினது."

"மோட்டார்ல ஏது மாடி? இது, 'ரெட்டைப் பொண்ணுங்க வீடு'. உள்ள பத்து போல்ட். இது, 'வக்கீல்'. உள்ள கயிறு." பொறுமை ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூக்கால் பெருமூச்சு விட்டார். "பெரிய சாமான் எல்லாம் எனக்குத் தெரியும். எது கார்புரேட்டர், எது பிஸ்டன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவேன். இந்த வளையம், நடுவுல வெக்கற இந்தத் தாள் கேஸ்கட், இந்தக் குட்டி போல்ட் இதெல்லாம் எதோட எதுன்னு அடுத்தடுத்து இருந்தாத்தான் தெரியும். அவன் எப்படி வெச்சிருந்தான்? இதே வரிசையிலயா?"

கம்பவுண்டரம்மாவுக்கு முகம் சூடாயிற்று. "நான் அடுக்கினேன்."

"எப்படி?"

"அ ஆ இ ஈ வரிசையில."

பொறுமை அவளைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். நாத்தனார் அந்த இடைவெளியை வீணாக்கவில்லை.

"பாத்திரம் தேய்ச்சா குழாயடியில கவுத்து வெக்கத் தெரியாது. இதுல மட்டும் வரிசை."

"பொறுங்கக்கா, பொறுங்க" என்றார் பொறுமை, தானே தலையில் கை வைத்துக்கொண்டு.

அன்று பூராவும் முட்டிமோதினார்கள். சாயங்காலம்வரை சரியாக உட்கார்ந்தது மூன்று சாமான். உட்கார்ந்த மூன்றையும் போகும்போது பொறுமையே கழற்றிவைத்துவிட்டுப் போனார், நம்பிக்கை இல்லை என்று. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "அண்ணி, நான் ஒண்ணும் நினைக்கல. நம்ம கை சும்மா இருக்காது. எனக்கும் அந்த வாரம் நாலு வண்டியைக் காரணமில்லாம கழட்டிப் பார்க்கணும்போல இருந்துச்சு."

அவள் அன்று படுக்கப்போகும்முன் நோட்டை எடுத்து அந்தப் பெயர்களை நான்கு தடவை படித்தாள். மேஜைமேல் அவர் தானே ஒரு ஒழுங்கில் வைத்திருந்ததை, ஒழுங்கு இல்லை என்று நினைத்துக் கலைத்தவள் அவள். அது செருப்புக்குள் மாட்டிய சின்னக் கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குத் தபால் வந்தது. தபால்காரருடைய ரூட்டை இப்போது பார்ப்பது சின்ன வயதுப் பெண். பெரிய பை, பெரிய தொப்பி, நடுவில் கொஞ்சம் ஆள். தபால்காரர் பெயருக்கு இன்னும் வந்துகொண்டிருந்த மீன்பிடிப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கப் பேனா தேடினாள். பேனா கூடத்தில் இருந்தது. அவளும் உள்ளே வந்தாள். அலமாரி திறந்து கிடந்தது.

கையெழுத்தை மறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அக்கா, இது என்ன?"

"மோட்டார் சாமான். அவர் கழட்டிப் போட்டது."

"இல்ல, இந்தப் பேரு." அவள் விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டாள். "கண்ணாடிக் கடை. சங்கீத டீச்சர். நாய் வீடு. மூணாம் மாடி. இது என் ரூட்டு அக்கா. என் ரூட்டை எதுக்கு டப்பாவில போட்டு வெச்சிருக்கீங்க?"

கம்பவுண்டரம்மா பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். காலையிலேயே மறுபடி வந்து மேஜைக்கடியில் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்த பொறுமை, எழுந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

தபால்பெண்ணுக்குச் சந்தேகமே இல்லை. "நான் இந்த ரூட்டுக்கு வந்தப்ப அண்ணன் எழுதின சீட்டு ஒண்ணு ஆபீஸ்ல இருந்துச்சு. கதவு நம்பர் ஒண்ணும் போடல. எல்லாம் இப்படித்தான். நாய் வீடு, ஏணி வீடு. அதை வெச்சுத்தான் நான் நடக்கக் கத்துக்கிட்டேன். இப்பவும் மனப்பாடம்."

"சொல்லும்மா" என்றாள் கம்பவுண்டரம்மா.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் சொன்னாள். போஸ்ட் ஆபீஸ், வக்கீல், கண்ணாடிக் கடை, நாய் வீடு. கம்பவுண்டரம்மா சொல்லச் சொல்ல டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். வரிசை கூடத்தைத் தாண்டி, நடைவழியில் திரும்பி, சமையலறை வாசலைத் தொட்டது. நாத்தனார் காலை மடக்கி வழிவிட்டாள். சங்கீத டீச்சர், ஏணி வீடு, மூணாம் மாடி. டியூஷன் வீடு, பல் டாக்டர், தையல் கடை. "அப்புறம் பேக்கரி" என்றவள், கண்ணைத் திறந்து கம்பவுண்டரம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

பேக்கரி டப்பாவைக் கம்பவுண்டரம்மா கடைசியில் வைத்தாள். பதினொன்றரைக்கு அந்தப் பேக்கரியில் ரொட்டி வெளியே வரும். அங்கே ரூட்டை முடித்து, ஒரு பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சூடு ஆறுவதற்குள் வீட்டுக்கு வருவார். பத்தொன்பது வருடம் வந்தார்.

"மோட்டாரை மேல இருந்து கழட்டிக்கிட்டே வந்திருக்கான்" என்றார் பொறுமை, வரிசையோரம் தவழ்ந்தபடி. "மூடி, கயிறு, சக்கரம். அவனுக்கு நம்பர் போட்டா மறந்துடும். நடக்கற வழி மறக்காது. எமகாதகன். சரி, அப்ப போஸ்ட் ஆபீஸ்ல ஆரம்பிக்கலாமா?"

"அது கழட்டப் போன வழி" என்றாள் கம்பவுண்டரம்மா. "மாட்டறதுன்னா பேக்கரியிலேருந்து திரும்பி வரணும்."

தபால்பெண் கையெழுத்து வாங்காமலே கிளம்பிவிட்டு, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் தொடங்கி சனிக்கிழமை சாயங்காலம்வரை அந்த மூன்று பேரும் தபால்காரருடைய ரூட்டில் பின்னோக்கி நடந்தார்கள். கம்பவுண்டரம்மா மருந்துக்கடைக்கு லீவு சொன்னாள். நாத்தனார் முழங்காலை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு டப்பா எடுத்துக் கொடுத்தாள். எடுத்துக் கொடுத்தவள் சும்மா கொடுத்தாளா என்றால் இல்லை.

"அடுத்தது யாரு? சங்கீத டீச்சரா? இந்தம்மாவுக்கு எதுக்கு இத்தனை பெரிய டப்பா? என் தம்பிக்கு அங்க என்ன அவ்வளவு பேச்சு?"

"கார்புரேட்டர் பெருசுக்கா" என்றார் பொறுமை.

"நீ சொல்லிடலாம். அதுதான் காரணம்னு நான் ஒத்துக்கணும்ல?"

ரெட்டைப் பொண்ணுங்க வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். பத்து போல்ட், நான்கு குட்டை, ஆறு நெட்டை. எந்த ஓட்டையில் எது என்று எழுதவில்லை. நெட்டையைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் உள்ளே உடையும். பொறுமை அதற்கு வழி வைத்திருந்தார். பத்தையும் முறுக்காமல் ஓட்டைகளில் சும்மா நிற்கவைத்தார். பிறகு தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"எல்லாத் தலையும் ஒரே உயரத்துல நிக்கணும் அண்ணி. அதோ அந்த மூலையில ஒருத்தன் எக்கிட்டு நிக்கறான் பாருங்க. அவன் இடம் மாறி உட்கார்ந்திருக்கான்."

அவளும் குனிந்து பார்த்தாள். எக்கி நின்றவனையும் அமுங்கி நின்றவனையும் தன் கையாலேயே மாற்றிவைத்தாள். பத்துத் தலையும் சமமாயின. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு முப்பத்தொரு டப்பாவும் வெறும் டப்பாவாக நின்றன. ஒரு வளையம்கூட மிஞ்சவில்லை. பொறுமை தன் சரித்திரத்திலேயே ஒன்றும் மிஞ்சாத முதல் வேலை இது என்று ஒத்துக்கொண்டார். பின்கட்டில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டினார்கள். பொறுமை கயிறை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். இன்னும் இருமியது. ஐந்தாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் பின்கட்டுச் சுவரில் மோதி வீட்டுக்குள் ஓடிற்று. நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள். கம்பவுண்டரம்மா பொத்தவில்லை. டிரம்மில் தண்ணீர் குலுங்கி அவள் புடவையெல்லாம் நனைந்தது.

"நிறுத்து" என்று கத்தியது பொறுமைதான், தனக்குத்தானே. பட்டென்று நிறுத்தினார்.

"நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஒண்ணுக்குப் போகல அண்ணி."

"யாரு?"

"மோட்டாரு." பொறுமை பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டினார். "சூடு தணிக்கக் கீழேயிருந்து தண்ணியை உறிஞ்சி இது வழியா பீச்சணும். பீச்சலன்னா தண்ணி மேல ஏறலன்னு அர்த்தம். மிதவைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வெந்து பிடிச்சுக்கும். பிடிச்சா அவ்வளவுதான். இரும்புக் கடைதான்."

அடிப்பாகத்தை மட்டும் மறுபடி கழற்றினார். தண்ணீரை உறிஞ்சுகிறது ஒரு ரப்பர் விசிறி. நடுவில் ஒரு தண்டு. பொறுமை தண்டைத் திருகினார். தண்டு சுற்றியது. விசிறி அசையாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. தண்டில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. நேற்று அதைப் பார்த்து எண்ணெய் போகிற வழி என்று நினைத்ததாக ஒத்துக்கொண்டார்.

"இங்க ஒரு கீ இருந்திருக்கணும். துண்டு இரும்பு, அரைவட்டமா, அரிசியைவிடக் கொஞ்சம் பெருசு. அதுதான் தண்டையும் விசிறியையும் கோத்துப் பிடிக்கும். அது இல்லாம ஒண்ணும் ஆகாது. இந்த மோட்டாருக்கு அது வேற எங்கயும் கிடைக்காது, நாளைக்குள்ள சத்தியமா கிடைக்காது."

"எல்லா டப்பாவும் முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது. எங்கயோ உருண்டு போயிருக்கும்."

அவர் எதையும் உருளவிடுகிற ஆள் இல்லை. கம்பவுண்டரம்மாவுக்கு அது ஒன்று நிச்சயமாகத் தெரியும். இத்தனை நாள் அவர் எழுதியதை நம்பாமல் தன் வரிசையை நம்பினாள். இன்றைக்கு இரண்டையும் ஒருசேர நம்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஈரப்புடவையோடு உள்ளே போய் நோட்டை எடுத்தாள். பெயர்களை எண்ணினாள். முப்பத்திரண்டு. டப்பாக்களை எண்ணினாள். முப்பத்தொன்று. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ப-வில் நின்றாள். 'பச்சை கேட்: காலி.'

தபால்பெண்ணின் வீடு இரண்டு தெரு தள்ளி. பொறுமை ஸ்கூட்டரில் போய் அவளை அழைத்துவந்தார். வாயில் பாதி மென்ற சாப்பாட்டோடு வந்தாள்.

"பச்சை கேட்டா? ஆமா, சீட்டுல இருந்துச்சு. பல் டாக்டருக்கும் தையல் கடைக்கும் நடுவுல. பூட்டின வீடு அக்கா. வருஷக்கணக்கா யாரும் இல்ல, ஒரு லெட்டர் வந்ததில்ல. நான் நிக்கறதே இல்லையா, நேத்து சொல்ல விட்டுப்போச்சு."

"தையல் கடை டப்பாவில கேஸ்கட்" என்றார் பொறுமை மெதுவாக. "பல் டாக்டர்ல விசிறி. நடுவுல வரவேண்டியதுதான் கீ. அந்த டப்பா எங்க அண்ணி?"

கம்பவுண்டரம்மா சமையலறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் டீத்தூள் டப்பா இருந்தது.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் சொன்னேனா இல்லையா? அஞ்சு மாசமா வாடை வாடைன்னு கத்தறேன்."

செய்தித்தாளை விரித்துத் தூளைக் கொட்டினார்கள். நான்கு தலைகள் அதன்மேல் குனிந்தன. தூளை ஸ்பூனால் கிளறினாள், உள்ளங்கையால் பரப்பினாள். தூள்தான். டப்பாவின் அடியில் விரல்விட்டாள். வழவழவென்று இரும்பு மட்டும். வெளியே டிரம்மிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

"பொறுங்க" என்றார் பொறுமை. இந்தத் தடவை அவர் துள்ளவில்லை.

அவள் மூடியைக் கையில் எடுத்தாள். உள்பக்கம் ஒரு வட்ட அட்டை, காற்றுப் புகாமல் இருக்க வைப்பது. இத்தனை நாளில் அந்தப் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. அட்டை ஒரு ஓரத்தில் லேசாக மேடாக இருந்தது, ஓரம் கருத்து எண்ணெய் ஊறியிருந்தது. நகத்தால் கிளப்பினாள்.

மருந்துக் குப்பியின் மூடிக்குள் இருக்கும் அட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினம் நூறு குப்பி திறக்கிறவள். குட்டிச் சாமானைத் தொலைக்காமல் வைக்க அதைவிடப் பத்திரமான இடம் வீட்டில் கிடையாது. கல்யாணமான புதிதில் தன் மூக்குத்தித் திருகை அவள் அப்படித்தான் வைப்பாள், அவர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில், துளி கிரீஸில் ஒட்டிக்கொண்டு, அரைவட்டத் துண்டு இரும்பு.

தபால்பெண் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். பொறுமை இரண்டு விரலால் அதை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே வையுங்க அண்ணி" என்றார்.

ஞாயிறு பதினொன்றே காலுக்கு, இடத்துக்காக வரிசையில் நின்ற பதினாலு பேரில் ஆறு பேர் படகுத்துறைக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இடம் கிடைக்குமா என்று பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் நல்லபடியாகப் பேசினார்கள். விசில் தொப்பியோடு நோட்டைப் பிரித்துவைத்திருந்தார். நாத்தனார் கரையில் ஒரு கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, மடியில் பிளாஸ்கை அணைத்திருந்தாள். பொறுமை முன்பலகையில். பின்பலகையில், மோட்டார் பக்கத்தில், மிதவைச் சட்டையைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு கம்பவுண்டரம்மா. ஓட்டப்போவது அவள்தான் என்று அவள் சொன்னதும் பொறுமை மறுக்கவில்லை. உயிர்மேல் ஆசை உண்டு என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அவள் முதலில் பார்த்தது அந்தச் சின்ன ஓட்டையைத்தான். ஒன்றுமில்லை. ஒரு மூச்சு விட்டாள். பிறகு ஒரு சொட்டு, ஒரு துப்பல், பிறகு நூல்போலத் தெளிவாகத் தண்ணீர் வளைந்து விழுந்தது.

"போகுது" என்று கரையைப் பார்த்துக் கத்தினார் பொறுமை. "ஒண்ணுக்குப் போகுதுக்கா."

"பொது இடத்துல எதைக் கத்தறான் பார்" என்றாள் நாத்தனார், பக்கத்தில் நின்றவரிடம்.

படகு நேராகப் போகவில்லை. இடதுபக்கம் ஒரு படகை உரசப் பார்த்தது. வலதுபக்கம் ஒரு கட்டையை விசாரித்தது. மிதவையைச் சுற்ற வேண்டிய வட்டம் ஒரு பூசணிக்காய் வடிவில் முடிந்தது. ஆனால் சுற்றிற்று. திரும்பும் வழியில் பொறுமை, "போதும் அண்ணி, கரைக்கு விடுங்க" என்றார். அவள் காதில் விழாத மாதிரி கைப்பிடியைத் திருகி இன்னொரு தடவை மிதவைக்குப் போனாள். அந்தச் சுற்றில் மோட்டார் மட்டும் பேசிற்று. இரண்டாவது வட்டம் நன்றாகவே வந்தது.

கரையில் விசில் கையெழுத்துப் போட்டு, ஒரு சின்ன ஊதல் ஊதினார்.

"அப்ப இடத்தை வெச்சுக்கறீங்களாம்மா?"

"இன்னும் ஆறு மாசம் இருக்குல்ல?" என்றாள் அவள், மிதவைச் சட்டையின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் போராடிக்கொண்டு. "யோசிச்சுச் சொல்றேன்."

அன்று மத்தியானம் மேஜையைத் துடைத்து நாற்காலி போட்டுச் சாப்பிட்டார்கள். நாத்தனாருக்கு மேஜை உயரமாக இருந்தது, தரையே தேவலை என்றாள். முப்பத்திரண்டு டப்பாவும் கழுவப்பட்டுச் சமையலறைக்குத் திரும்பின. கம்பவுண்டரம்மா டேப்பை மட்டும் ஒன்றிலும் உரிக்கவில்லை. உரித்துவிட்டிருந்த ஒன்றுக்குப் புது டேப் ஒட்டி, தன் கையெழுத்தில் எழுதி, மற்றவற்றோடு வைத்தாள்.

மறுநாள் காலை அவள் மருந்துக்கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சர்க்கரை எங்கடி?"

"வக்கீல்ல பாருங்க அக்கா."

"உப்பு?"

"நாய் வீடு."

உள்ளே மூடிகள் திறந்து மூடுகிற சத்தம். நாத்தனார் யாரையோ திட்டினாள். தம்பியையா, தம்பி பெண்டாட்டியையா என்று தெரியவில்லை.

"டீத்தூளு?"

"அது உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.